பணிமூப்புப் பட்டியலில் என் இடம்: இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றானபோது நான் கற்றவை

முதல்நிலைப் பணிமூப்புப் பட்டியல் வெளியான நாளில் நான் டென்வர் விமான நிலையத்தின் ஊழியர் அறையில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தேன். என் நிறுவனமும் எங்களைவிட மூன்று மடங்கு பெரிய இன்னொரு நிறுவனமும் இணைவதாக அறிவித்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இரு பக்கத்து விமானப் பணியாளர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தும் அந்தப் பட்டியலுக்காக நாங்கள் எல்லோரும் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தோம். கைப்பேசியில் என் பெயரைத் தேடினேன். எட்டு ஆண்டுப் பணிக்கு மூவாயிரத்து நூறை ஒட்டி என் எண் இருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். என் பெயர் நாலாயிரத்தையும் தாண்டிய ஓர் இடத்தில் இருந்தது. பெயருக்கு எதிரே இருந்த பணிச் சேர்க்கைத் தேதி, நான் உண்மையில் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் பிந்தியிருந்தது.

அந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். அமெரிக்க விமான நிறுவனங்களில் எங்கள் வேலையின் ஏறத்தாழ எல்லாமே அந்த ஓர் எண்ணைச் சுற்றித்தான் நடக்கிறது. அடுத்த மாதம் எந்த நாள்களில், எந்த ஊர்களுக்குப் பறக்க விரும்புகிறோம் என்று ஒவ்வொரு மாதமும் கணினியில் விருப்பம் தெரிவிப்போம். இதைப் பிட்டிங் என்போம். முதல் எண்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதிலிருந்து இரண்டாம் எண்காரருக்குக் கொடுத்து, இப்படியே கணினி கீழே இறங்கி வரும். வரிசையின் கடைசியில் இருப்பவர்களுக்குப் பயண அட்டவணையே கிடைக்காது; அவர்கள் ரிசர்வ் என்ற நிலையில், தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அழைத்தால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். ஆண்டு விடுமுறை, எந்த ஊரைத் தளமாகக் கொண்டு வேலை செய்வது, விமானத்துக்குள் எந்தப் பொறுப்பை ஏற்பது ஆகியவையும் இதே வரிசைப்படிதான். ஆட்குறைப்பு வந்தால் கடைசி எண்ணிலிருந்து வெளியே அனுப்புவார்கள். திரும்ப அழைக்கும்போது மூத்தவரை முதலில் அழைப்பார்கள். ஒருவர் எவ்வளவு கனிவாகப் பரிமாறுகிறார் என்பதற்கோ, பயணிகள் அவரைப் பாராட்டி எழுதியதற்கோ இதில் இடமில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எந்த மேலாளரின் தயவையும் எதிர்பார்க்காமல் தலை நிமிர்ந்து வேலை செய்ய இந்த முறை எனக்கு இடம் கொடுத்தது என்பதால், நான் இதை மதிக்கிறேன்.

என் அப்பாவுக்கு இதை விளக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் சென்னையில் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராகச் சேர்ந்தவர். 1994இல் அந்தக் கழகம் இரண்டாகப் பிரிந்ததையும், 2001இல் இரண்டும் திரும்பச் சேர்ந்து மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனதையும் பணியில் இருந்தபடியே பார்த்தவர். வேலைவாய்ப்பு அலுவலக அட்டையைத் தவறாமல் புதுப்பித்து, பதிவு மூப்பு வரும் வரை காத்திருந்த தலைமுறை அவருடையது. இணைப்புச் செய்தியைச் சொன்னதும், சம்பளம் கூடுமா என்று அவர் கேட்கவில்லை. "லிஸ்ட்டுல எத்தனாவது ஆளும்மா நீ?" என்றுதான் கேட்டார்.

இரண்டு பட்டியல்களை ஒன்றாக்குவதில் நேர்ந்த மிகக் கசப்பான முன்னுதாரணம் டி.டபிள்யூ.ஏ. என்ற பழைய அமெரிக்க விமான நிறுவனத்துடையது. 2001 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதை வாங்கியபோது, டி.டபிள்யூ.ஏ.யின் விமானப் பணியாளர்கள் அனைவரும் ஒட்டுமொத்தமாக அமெரிக்கன் பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு தாள்கட்டின் கீழ் இன்னொன்றை வைத்து ஊசி குத்துவது போன்றது என்பதால் இதை ஸ்டேப்பிள் செய்வது என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வோம். முப்பது ஆண்டு பறந்தவரும், முந்தைய மாதம் அமெரிக்கனில் சேர்ந்த புதியவருக்குக் கீழே போய் நின்றார். அதே ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஆட்குறைப்பு தொடங்கியது. கடைசியில் இருந்தவர்களே முதலில் வெளியேற வேண்டியிருந்ததால், 2003 ஜூலைக்குள் டி.டபிள்யூ.ஏ.யிலிருந்து வந்த விமானப் பணியாளர்கள் அத்தனை பேரும் வேலையிழந்தார்கள். மிசோரி மாநிலத்தின் செனட்டர்களான கிளேர் மெக்காஸ்கில், கிட் பாண்ட் இருவரும் கொண்டுவந்து 2007 டிசம்பரில் சட்டமான திருத்தம் இந்த அநீதியிலிருந்து பிறந்தது. இரு நிறுவனங்கள் இணையும்போது பணிமூப்புப் பட்டியலை நியாயமாகவும் சமனாகவும் இணைக்க வேண்டும், பேச்சில் உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்பது அதன் சாரம். அலகேனி, மொஹாக் என்ற இரு நிறுவனங்களின் இணைப்புக்காக 1972இல் வகுக்கப்பட்ட பாதுகாப்பு விதிகளின் இரண்டு பிரிவுகளைத்தான் அது சட்டமாக்கியது. இரு பக்கத்துக்கும் ஒரே தொழிற்சங்கம் இருந்தால், அந்தச் சங்கத்தின் சொந்த இணைப்பு விதியே செல்லும். ஆகவே உங்கள் நிறுவனம் இணையப் போகிறது என்று கேள்விப்பட்டால், நிர்வாகத்தின் வரவேற்புக் கடிதத்தைப் படிக்கும் முன்பு சங்கத்தின் அமைப்பு விதிகளில் இணைப்பு பற்றிய அத்தியாயத்தைத் தேடிப் படியுங்கள். ஊழியர் அறையில் நான் கேட்ட வதந்திகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு சில பக்கங்களைப் படித்ததும் உதிர்ந்துவிட்டன.

எங்கள் சங்கத்தின் விதி, பணியில் சேர்ந்த நாளைக் கொண்டு வரிசைப்படுத்துவது. இது எனக்கு நட்டம் தரும் விதி. என் நிறுவனம் இளையது. எங்களில் மிக மூத்தவருக்கே பதினான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. மறுபக்கத்தில் முப்பது ஆண்டைக் கடந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். எங்கள் பட்டியலில் மேல் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்த நான், புதிய பட்டியலில் நடுவுக்கும் கீழே போக வேண்டியிருந்தது. எங்களில் பலர் விகித முறை வேண்டும் என்றார்கள். அதாவது அவர்கள் பக்கத்தில் மூவர், எங்கள் பக்கத்தில் ஒருவர் என்று மாற்றி மாற்றி அடுக்கினால், நம் பட்டியலில் எந்தப் படியில் இருந்தோமோ ஏறத்தாழ அதே படியில் புதிய பட்டியலிலும் இருக்கலாம். விமானிகளின் இணைப்புகளில் இத்தகைய கணக்குகள் வழக்கம்தான், ஏனென்றால் கேப்டனா துணை விமானியா, பெரிய விமானமா சிறியதா என்பதைப் பொறுத்து அவர்களுடைய ஊதியமே மாறும். முதல் சில மாதங்கள் நானும் விகித முறையின் பக்கம்தான் நின்றேன்.

மறுபக்கத்து ஊழியர் ஒருவருடன் பயிற்சி மையத்தின் உணவகத்தில் உட்கார்ந்து பேசிய ஒரு மாலையில் என் எண்ணம் மாறியது. அவர் சேர்ந்து பதினொரு ஆண்டு ஆகியிருந்தும், அவருடைய நிறுவனம் பல ஆண்டுகள் புதிதாக ஆள் எடுக்காததால், இன்னும் ரிசர்வில் இருந்தார். என்னைவிட மூன்று ஆண்டு கூடுதலாகப் பறந்திருக்கிறார். ஒருமுறை கூடத் தன் மகனின் பள்ளி விழா நாளை முன்கூட்டியே விடுப்பாகப் பெற்றதில்லை. விகித முறை வந்தால் எட்டே ஆண்டு முடித்த நான் அவருக்கு ஆயிரம் எண்களுக்கு மேலே போய் உட்காருவேன். அதை அவர் முகத்துக்கு நேரே நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுப்புகள் போயின, தென் அமெரிக்கப் பயணங்கள் போயின. அந்த இழப்பு உண்மையானது. ஆனாலும் விமானப் பணியாளர்களுக்குச் சேர்ந்த நாள் கணக்கே சரி என்று இன்றும் சொல்வேன்.

சேர்ந்த நாள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது எந்த நாள் என்பதில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. சில நிறுவனங்களில் பயிற்சி வகுப்பின் முதல் நாளே பணிமூப்பின் முதல் நாள். வேறு சிலவற்றில் பயிற்சி முடித்துத் தேறிய நாளிலிருந்துதான் கணக்கு. பயிற்சி பொதுவாகச் சில வாரங்கள் நீடிக்கும். இரு பக்கத்துக்கும் ஒரே அளவுகோலைப் பொருத்தாவிட்டால், அந்தச் சில வாரங்களில் மறுபக்கத்தில் சேர்ந்த அத்தனை வகுப்புகளும் நமக்கு மேலே போய்விடும். அதோடு ஒரே ஊழியருக்கு மூன்று வேறு தேதிகள் இருக்கக்கூடும். நிறுவனத்தில் எந்த வேலையிலாவது சேர்ந்த நாள் ஒன்று. இது விடுமுறை நாள்களின் எண்ணிக்கைக்கும் இலவசப் பயணச் சலுகைக்கும் பயன்படும். விமானப் பணியாளராகச் சேர்ந்த நாள் இரண்டாவது. பிட்டிங் வரிசை இதைக் கொண்டுதான். ஊதியப் படிநிலைக்கான நாள் மூன்றாவது. நீண்ட விடுப்பிலோ ஆட்குறைப்பிலோ வெளியே இருந்த காலம் இதில் கழிக்கப்படுவதுண்டு. முதலில் பயணச்சீட்டு முகப்பில் வேலை பார்த்துவிட்டு விமானத்துக்கு வந்த என் தோழி ஒருவர், முதல் தேதியை இரண்டாவது என்று எண்ணிக்கொண்டு, தன் எண்ணைப் பார்த்ததும் கண்ணீர் விட்டார். அவருடைய பட்டியலில் பிழை எதுவும் இல்லை. ஒரே வகுப்பில் ஒரே நாளில் சேர்ந்தவர்களைப் பிரிக்கவும் விதி உண்டு. பல இடங்களில் வயதில் மூத்தவர் முதலில் வருவார், சில இடங்களில் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்ப்பார்கள்.

என் பட்டியலில் நேர்ந்தது பிழையேதான், அதன் வேர் என் பெயரில் இருந்தது. நம் ஊர் வழக்கப்படி எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். அமெரிக்க ஆவணங்களில் அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராக விரித்து எழுதினார்கள், அந்தப் பெயரில்தான் நான் பயிற்சியில் சேர்ந்தேன். திருமணத்துக்குப் பின் கணவரின் பெயரைச் சேர்த்தபோது எஃப்.ஏ.ஏ. என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் சான்றிதழ், கடவுச்சீட்டு, ஊழியர் அட்டை எல்லாவற்றையும் மாற்றினேன். அப்போது மனிதவளப் பிரிவில் என் பழைய கோப்பைத் திருத்துவதற்குப் பதிலாகப் புதிய கோப்பு ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். ஊதியம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. இணைப்புக்காகத் தரவுகளைப் புதிய கணினிக்கு மாற்றியபோது, புதிய கோப்பு திறந்த தேதியே நான் சேர்ந்த தேதியாகிவிட்டது. தொலைபேசியில் பேசிய அலுவலர், கணினியில் இருப்பதே இறுதியானது என்று மூன்று முறை சொன்னார்.

மறுப்புத் தெரிவிக்க முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். எழுத்து வடிவில், சான்றுகளோடு தர வேண்டும். வாய்மொழி முறையீடு செல்லாது. என்னிடம் இருந்த மிகப் பழைய ஊதியச் சீட்டு நான்காம் ஆண்டினது. பணி நியமனக் கடிதத்தை வீடு மாறிய சமயத்தில் தொலைத்திருந்தேன். பழைய நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்குகளும் அதற்குள் மூடப்பட்டுவிட்டன. இரவு அப்பாவிடம் பேசும்போது இதைச் சொன்னேன். "அந்த லெட்டரத்தான் நீ அப்பவே எனக்கு அனுப்புனியேம்மா, பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்" என்றார். தன் ஓய்வூதியப் புத்தகமும் நிலப் பத்திரமும் இருக்கும் அதே பிளாஸ்டிக் உறையில், நியமனக் கடிதத்தையும் பயிற்சியின் முதல் நாள் எந்த நேரத்தில் எங்கே வர வேண்டும் என்ற அறிவிப்பையும் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். தெருமுனைக் கடையில் ஸ்கேன் செய்து அனுப்பினார். அவற்றோடு பெயர் மாற்றத்துக்கான நீதிமன்ற ஆணையையும், என்னுடன் ஒரே வகுப்பில் இருந்த இருவர் கையொப்பமிட்ட கடிதங்களையும் சேர்த்து, பத்தொன்பதாம் நாள் மறுப்பை அளித்தேன். ஏழு வாரங்கள் கழித்து வந்த இறுதிப் பட்டியலில் என் தேதி திருத்தப்பட்டிருந்தது. என் எண் 3,118.

நியமனக் கடிதம், பயிற்சி வகுப்பின் முதல் நாள் அறிவிப்பு, முதல் ஊதியச் சீட்டு, பயிற்சித் தேர்ச்சிச் சான்று, விடுப்பு ஆணைகள், பெயர் மாற்ற ஆவணங்கள் ஆகியவற்றை நிறுவனத்தின் மின்னஞ்சலிலோ நிறுவனம் கொடுத்த டேப்லெட்டிலோ மட்டும் வைத்திருக்காதீர்கள். இணைப்பு நாளன்று அவை உங்கள் கையை விட்டுப் போய்விடும். தலைப்பெழுத்தோடு வாழ்ந்து, வெளிநாட்டில் பெயரை விரித்து எழுத நேர்ந்தவர்கள், ஒவ்வொரு கோப்பிலும் ஒரே எழுத்துக்கூட்டலும் ஒரே தேதியும் இருக்கின்றனவா என்று இணைப்புப் பேச்சு எழும் முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

பட்டியல் ஒருபுறம் நடக்க, பயிற்சி மறுபுறம் தொடங்கியது. இரு நிறுவனங்களும் சட்டப்படி ஒன்றாகிவிட்டாலும், எஃப்.ஏ.ஏ. ஒரே இயக்கச் சான்றிதழ் தரும் வரை இரண்டும் தனித்தனி விமான நிறுவனங்களாகவே இயங்க வேண்டும். அதற்குப் பின்னரும் இரு பக்கத் தொழிற்சங்க ஒப்பந்தங்கள் இணையாவிட்டால் ஊழியர்கள் கலக்க முடியாது. யுனைடெட், கான்டினென்டல் இரண்டும் 2010 அக்டோபரில் இணைந்து, 2011 நவம்பரில் ஒரே சான்றிதழ் பெற்றன. விமானப் பணியாளர்களின் பொது ஒப்பந்தம் 2016இல்தான் நிறைவேறியது. இரு பக்கத்தாரும் ஒரே விமானத்தில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்க 2018 அக்டோபர் ஆகிவிட்டது. இணைப்பு அறிவிப்பு வந்த உடனே வீட்டை விற்றுப் புதிய ஊருக்குக் குடிபெயர்ந்த இரு சக ஊழியர்களை எனக்குத் தெரியும். பெரிய தளங்கள் திறக்கும் என்ற பேச்சை நம்பி அவர்கள் போனார்கள். மூன்று ஆண்டுகள் பழைய ஊருக்கே விமானத்தில் வந்து வேலை பார்த்தார்கள்.

நான் எட்டு ஆண்டும் போயிங் 737இல் மட்டுமே பறந்தவள். மறுபக்கத்தில் ஏர்பஸ் ஏ320 வகை விமானங்கள் இருந்தன. அவசரத்தில் கதவைத் திறந்தால் பயணிகள் சறுக்கி இறங்கும் ஸ்லைடு விரியும்படி 737இல் கதவை ஆயத்தப்படுத்த, கதவடியில் இருக்கும் உலோகத் தண்டைக் குனிந்து எடுத்துத் தரையிலுள்ள பிடிகளில் பொருத்துவோம், கதவுச் சன்னலின் குறுக்கே சிவப்புப் பட்டையை மாட்டுவோம். ஏ320இல் குனிய வேண்டியதில்லை. ஒரு லீவரை இறக்கினால் போதும். அவசரத்தில் 737 கதவைத் திறக்கக் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் திசையில் சுழற்றிக் கதவைத் தள்ள வேண்டும். ஏ320இல் கைப்பிடியை நேராக மேலே தூக்க வேண்டும், தூக்கியதும் கதவு தன் விசையிலேயே திறந்துகொள்ளும். இவற்றை எல்லாம் கையேட்டில் படித்து, எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

மாதிரிக் கதவின் முன் நின்றபோது விளக்குகளை அணைத்து, புகையை விட்டு, ஒலிபெருக்கியில் கூச்சலை ஓடவிட்டார்கள். சன்னல் வழியே வெளியே தீ இல்லை என்று பார்த்தேன், கைப்பிடியைப் பற்றினேன், பக்கவாட்டில் முறுக்கினேன். அது அசையவில்லை. இன்னும் பலமாக முறுக்கினேன். பயிற்றுநர் எதுவும் சொல்லவில்லை. தன் உள்ளங்கையை மெதுவாக மேல்நோக்கி உயர்த்திக் காட்டினார். தூக்கினேன், கதவு திறந்தது, ஸ்லைடை விரிக்கும் சிவப்புக் கைப்பிடியை இழுத்தேன். மூன்று அல்லது நான்கு நொடிகள்தான் போயிருக்கும். ஒரு விமான வகைக்கு ஒப்புதல் பெறும் சோதனையில் பாதிக் கதவுகளை மட்டும் கொண்டு 90 நொடிக்குள் அத்தனை பேரும் வெளியேறியாக வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நான்கு நொடிகளுக்கு என்ன பொருள் என்பது புரியும். அன்றிரவு விடுதி அறையில் எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

இணைப்புப் பயிற்சியில் புதிதாகக் கற்பதைவிடப் பழையதைக் கையிலிருந்து இறக்குவது கடினம். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரே பழக்கம்தான் உண்டு. அனுபவசாலிக்கு அவசரத்தில் முந்திக்கொண்டு வரக்கூடிய இன்னொரு பழக்கமும் இருக்கிறது. வெளியேற்றும்போது பயணிகளை நோக்கிக் கத்தும் சொற்களும் இரு நிறுவனங்களில் வேறு வேறாக இருந்தன, ஒரு குறிப்பிட்ட நள்ளிரவிலிருந்து எல்லோரும் ஒரே வாசகத்துக்கு மாற வேண்டியிருந்தது. சொற்களை மனத்துக்குள் படித்ததில் எனக்குப் பயன் கிடைக்கவில்லை. காரை ஓட்டிக்கொண்டே உரக்கக் கத்திப் பழகியபோதுதான் நாக்கில் நின்றன. கதவுப் பயிற்சிக்கு ஒதுக்கிய நேரம் முடிந்த பின்னும், பயிற்றுநரிடம் கேட்டு மேலும் ஆறு முறை செய்தேன். கூடுதல் வாய்ப்புக் கேட்பதை எவரும் குறைவாக எண்ணுவதில்லை. ஒவ்வொரு புறப்பாட்டின்போதும் இருக்கையில் அமர்ந்து அவசரச் செயல்களை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் எங்களுக்கு உண்டு. அதன் முதல் வாசகமாக "இது ஏர்பஸ், கைப்பிடி மேலே" என்பதை அன்று முதல் வைத்துக்கொண்டேன்.

பயிற்சி வாய்ப்பும் பணிமூப்பும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை இந்தியாவிலும் பார்த்தோம். 2007இல் இணைந்த ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் இரண்டின் ஊழியர் சிக்கல்களைத் தீர்க்க 2011இல் நீதிபதி தர்மாதிகாரி குழுவை அமைக்க வேண்டியிருந்தது. புதிய போயிங் 787 விமானங்களில் எந்தப் பக்கத்து விமானிகளுக்குப் பயிற்சி என்ற சச்சரவு, 2012இல் 58 நாள் வேலைநிறுத்தமாக வெடித்தது.

எங்கள் முதல் பொது அட்டவணை வந்த மாதத்தில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு நான் மீண்டும் ரிசர்வுக்குப் போனேன். அந்த ஆண்டு தீபாவளிக்கு விடுப்புக் கேட்டிருந்தேன், என் எண்ணுக்கு அது எட்டவில்லை. பிட்டிங் முழுவதும் பணிமூப்புப்படி நடந்தாலும், அட்டவணை வெளியான பின் இருவர் தங்கள் பணி நாள்களை நேரடியாக மாற்றிக்கொள்ள எங்கள் ஒப்பந்தத்தில் இடமுண்டு, அதற்கு எண் தேவையில்லை. மறுபக்கத்தாரும் பயன்படுத்தும் பரிமாற்றப் பலகையில் வேண்டுகோள் வைத்த அன்று மாலையே பதில் வந்தது. பயிற்சி மைய உணவகத்தில் என்னோடு பேசிய, ஒருவழியாக ரிசர்விலிருந்து மேலே ஏறியிருந்த அந்தப் பதினொரு ஆண்டுக்காரர்தான் என் நாளை எடுத்துக்கொண்டார். டிசம்பர் 24 அன்று அவருக்குப் பதில் நான் பறந்தேன்.